பிஞ்சர் கிரீக்

பிஞ்சர் கிரீக் என்பது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்மேற்கில், புல்வெளி முடிந்து ராக்கி மலைகள் தொடங்கும் இடத்தில் உள்ள சிற்றூர். இங்கு வாழ்க்கையைத் தீர்மானிப்பது குளிரைவிடக் காற்றே எனலாம்.

பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் காற்று, மலையின் மேற்குச் சரிவில் மழையாகவும் பனியாகவும் தன் ஈரத்தை இழக்கிறது. உலர்ந்த அக்காற்று கிழக்கே இறங்கும்போது அழுத்தம் கூடி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு சூடாகிறது. இதற்குச் சினூக் என்று பெயர். 1962 சனவரியில் ஒரே மணி நேரத்தில் இவ்வூரின் வெப்பநிலை −19 பாகையிலிருந்து 22 பாகைக்கு ஏறியதாகக் குறிப்பிடப்படுகிறது.

சினூக் பனியை உருக்குவதால் குளிர்காலத்திலும் கால்நடைகளுக்குப் புல் கிடைக்கும். 1878-இல் வடமேற்குக் குதிரைக் காவல் படை இங்கே குதிரைப் பண்ணை அமைத்தது. ஆனால் பகலில் உருகிய நீர் இரவில் தெருவெங்கும் வழுக்குப் பனிக்கட்டியாகிவிடும். வெறுமையாகச் செல்லும் சரக்கு வண்டிகளைக் காற்று கவிழ்ப்பதும் உண்டு. சிலருக்குத் தலைவலியும் வரும்.

பனிச்சறுக்குக்குக் காசில் மலையும், நடைப்பயணத்துக்கு வாட்டர்டன் தேசியப் பூங்காவும் அருகில் உள்ளன. ஓல்டுமேன் அணையின் நீர்த்தேக்கம் துடுப்புப் படகுக்காரரை அலைக்கழிக்கும். பாய்ப்பலகை ஓட்டுவோருக்கோ அதுவே விருப்பமான இடம். கனடாவின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணையும் அருகிலுள்ள கௌலி மேட்டில்தான் 1993-இல் அமைந்தது. அது 2016-இல் மூடப்பட்டாலும், சுற்றுவட்டாரத்தில் புதிய காற்றாலைகள் சுழல்கின்றன.