``சத்தம் வந்தா பாட்டு சவுண்டை ஏத்திடுவேன்!'' - பாடாலூரில் 2002 மாடல் மாருதி 800-க்கு நாங்கள் பார்த்த சஸ்பென்ஷன் வேலை

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில், சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டி பெரம்பலூருக்கு முன்னால் வரும் ஊர் பாடாலூர். அங்கே ஊட்டத்தூர் போகும் சாலையில் என் நண்பனின் வீடு. வாசலில் நிற்பது 2002 மாடல் மாருதி 800, அவன் அப்பா வாங்கியது. அப்பா இப்போது இல்லை, கார் இருக்கிறது. மாதம் ஒருமுறை அம்மாவைத் திருச்சிக்கு செக்கப்புக்கு அழைத்துப்போவது அதில்தான்.

சில மாதங்களுக்கு முன்பு அந்த காரில் ஏறினேன். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே முன்பக்கம் `கடக்' என்றது. அடுத்த பள்ளத்தில் `டொக் டொக்'. ``என்னடா இது?'' என்றேன். ``அது ரெண்டு வருஷமா இருக்கு மாப்ள. சத்தம் வந்தா பாட்டு சவுண்டை ஏத்திடுவேன்'' என்றான். சிரித்துவிட்டேன். ஜல்லி லாரிகளுக்கு நடுவே 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஸ்டீயரிங் லேசாக இடப்பக்கம் இழுத்ததைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருடம் அந்த காருக்கு ஆர்.சி புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் முடிந்த சொந்த காரை அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. 20 வருடங்களைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட்டிலிருந்து கட்டணமே 10,000 ரூபாய். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் பதிலே சொல்வதில்லை. ஒரு சனி, ஞாயிறு லீவு போட்டு நாமே முன்பக்கத்தைப் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இருவருக்கும் யூடியூப் அனுபவம் நிறைய, கை அனுபவம் கொஞ்சம். அதனால் பைபாஸ் ஓரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் முதலில் காட்டினோம்.

அவர் ஒரு வேலைதான் செய்தார். முன்சக்கரத்தைத் தூக்கி, என்னை அதன் மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொன்னார். நண்பனை உள்ளே கைவிட்டு, கீழே இருக்கும் பால் ஜாயிண்ட்டில் விரலை வைக்கச் சொன்னார். ஆட்ட ஆட்ட அவன் முகம் மாறியது. ``அசையுதுடா...''

இந்தப் பரிசோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆட்ட வேண்டும், இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டி ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். பிரேக்கை மிதித்தபடி ஆட்டும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்தான் என்று சந்தேகப்படலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு பக்கம் பார்க்க வேண்டும்.

பால் ஜாயிண்ட் என்பது நம் தோள்மூட்டு மாதிரி. கிண்ணத்துக்குள் ஓர் இரும்பு உருண்டை. சக்கரம் திரும்பவும் வேண்டும், ஏறி இறங்கவும் வேண்டும். இரண்டுக்கும் இடம்கொடுத்து, சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துவைத்திருப்பது இதுதான். அது தேய்ந்து கழன்றால் சக்கரம் வெளியே மடங்கிவிடும். கார் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிடும். நண்பன் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டே போன பயணங்களை எண்ணிக்கொண்டிருந்திருப்பான்.

மாருதி 800-ன் முன்பக்கம் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயரின் யோசனை. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி, கீழே ஒரு லோயர் ஆர்ம் கொடுத்தால் போதும் என்றார். 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஃபோர்டு கான்சல், செஃபைர் கார்களில் வந்தது. இடமும் குறைவு, செலவும் குறைவு என்பதால் இன்று சின்ன கார்களில் பெரும்பாலும் இதுதான். நம் அம்பாசடரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது தெரியுமா? நீளமான இரும்புத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலையைப் பார்க்கும்.

பள்ளத்தில் அடியைத் தாங்குவது ஸ்பிரிங். `ஷாக்' என்று நாம் சொல்வது, அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்கும் எண்ணெய்க் குழாய். பானட்டின் மூலையை அழுத்திவிட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. ஊஞ்சல் மாதிரி ஆடினால் ஷாக் போய்விட்டது. எங்கள் காரில் ஊஞ்சலேதான், கூடவே எண்ணெய்க் கசிவு.

சின்ன வெங்காயம் காயவைக்கும் சிமென்ட் களத்தில் காரை நிறுத்தினோம். தரை சமமாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஹாலோ பிளாக்கை அடியில் வைக்கலாம் என்றான் நண்பன். வேண்டவே வேண்டாம். பாரம் தாங்காமல் அது திடீரென்று நொறுங்கும், அடியில் இருப்பது நம் தலை. அண்ணனிடமே இரும்பு ஸ்டாண்டு இரண்டு இரவல் வாங்கி வந்தோம்.

போல்ட்டுகள் இரவெல்லாம் டபிள்யூடி-40-ல் ஊறின. அப்படியும் இடப்பக்க போல்ட் ஒன்று ஒரு மணி நேரம் வாங்கியது. பானாவின் பின்னால் மோட்டார் பைப்பைச் சொருகி இருவரும் தொங்கியபோது `டக்' என்று விட்டது. நான் களத்தில் மல்லாந்து விழுந்தேன். அம்மா டீயோடு வந்தவர், ``அவங்க அப்பா இருந்தப்ப டயர் மாத்துறதுக்கே ஆள் கூப்பிடுவார்'' என்றார்.

ஸ்ட்ரட்டைக் கழற்றினோம். ஆனால், ஸ்பிரிங்கை நாங்கள் தொடவில்லை. அது அழுத்திய நிலையிலேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கம்ப்ரெஸர் போட்டு அடக்காமல் உச்சி நட்டைக் கழற்றினால் பீரங்கிக் குண்டுதான். கயிறு கட்டிப் பிரிக்கும் வீடியோக்கள் இருக்கின்றன, தயவுசெய்து பார்க்காதீர்கள். இரண்டையும் பைக்கில் வைத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அரை மணி நேரத்தில் புது ஷாக், மவுன்ட், பம்ப் ஸ்டாப் மாற்றிக் கொடுத்தார். லோயர் ஆர்ம்களை பால் ஜாயிண்ட்டோடு சேர்த்தே திருச்சியில் வாங்கியிருந்தோம். இடப்பக்கம்தான் மோசம் என்றாலும் இரண்டு பக்கமும் மாற்றினோம்.

ஞாயிறு மதியம் எல்லாவற்றையும் முறுக்கி முடித்துப் பெருமையாக போட்டோ அனுப்பினோம். உடனே அண்ணனிடமிருந்து போன். ``வண்டி தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை ஃபுல் டைட் வெச்சிட்டீங்களா?'' ஆமாம். புஷ்ஷில் இருப்பது ரப்பர். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரமே கிழிந்துவிடும். மறுபடி தளர்த்தி, சக்கரங்களுக்கு அடியில் பலகை போட்டு வண்டியை இறக்கி, அதன் எடை முழுக்க சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்கினோம். இரவு எட்டு மணி ஆகிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் கொசுக்கடியோடு செய்த அந்த வேலையை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

திங்கள்கிழமை பெரம்பலூரில் வீல் அலைன்மென்ட். முன்பக்கம் பிரித்தால் இது கட்டாயம், இல்லையென்றால் டயரின் ஓரம் தேய்ந்துவிடும். திரும்பும் வழியில் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்தோம். `ளொடக்!' வெளுத்துப்போய் பானட்டைத் திறந்தால், பேட்டரி பக்கத்தில் எங்களுடைய 14-ம் நம்பர் பானா.

அந்த வாரம் செக்கப்புக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். சமயபுரம் தாண்டும்வரை அவன் பாட்டே போடவில்லை. ``ரேடியோ கெட்டுப்போச்சாடா?'' என்றார் பின்சீட்டிலிருந்து அம்மா.

இப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. இத்தனை நாள் முன்பக்கச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. பொங்கல் லீவில் ஒருநாள் குறித்து வைத்திருக்கிறோம்.