மூன்று விரற்கடை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, வத்திராயிருப்பில் இறங்கி, அங்கிருந்து மேற்கே மலையை நோக்கிப் போனால் பிளவக்கல் வருகிறது. பெரியாறு, கோவிலாறு என்று இங்கே இரண்டு அணைகள் உண்டு. பெரியாறு என்றதும் நேயர்கள் பென்னிகுயிக் துரை 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்றை எண்ணிக் கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு. இந்தப் பெரியாறு பெயரில்தான் பெரியது. சுபாவத்தில் மிகவும் அடக்கமானது. மழை பெய்தால் ஓடும். பெய்யாவிட்டால் மணலைக் காட்டிக் கொண்டு படுத்திருக்கும். ஆயினும் அதன் தண்ணீரை நம்பித்தான் அந்தப் பக்கத்து நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் பசுமையாய் நிற்கின்றன.

அணையைப் பார்க்கத்தான் போனோம். பார்த்தோம், படமும் எடுத்தோம். ஆனால் ஊர் திரும்பிய பின் நம் மனத்தில் நின்றது அணை அல்ல. ஒரு பெரியவருடைய கக்கத்தில் இருந்த இரண்டு கட்டைகள்தான்.

வாய்க்கால் ஓரமாக அவர் வந்து கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பிப் போயிருந்தது. இரண்டு கக்கங்களிலும் மரக் கட்டைகள். கட்டைகளின் தலைமாட்டில் பழைய வேஷ்டித் துணியைப் பந்து போல் சுற்றிக் கட்டியிருந்தார். நம் அருகில் வந்ததும் நின்று, "ஐயா, இந்தச் செருமுனைக் கொஞ்சம் வாங்கித் தோளிலே மாட்டி விடுங்க. வலது கை விரல் பிடிப்புக் கொடுக்க மாட்டேங்குது" என்றார்.

அவர் "செருமு" என்றது சாப்பாட்டுத் தூக்குவாளி இருந்த பையை. ஊருக்கு ஊர் சொல் மாறும் என்பது நாம் அறிந்ததே. பையை மாட்டி விட்டோம். பிறகு பேச்சு வளர்ந்தது. சிறு பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு கால் போயிற்றாம். இத்தனை வருஷமும் ஒரு கழியை ஊன்றியே காலம் தள்ளியவர், இரண்டு வருஷத்துக்கு முன் தமையனார் காலமானபோது அவர் உபயோகித்த கட்டைகளை எடுத்துக் கொண்டாராம். "அண்ணன் நம்மளை விட ஒசரம்" என்றார் சிரித்துக் கொண்டே. மாந்தோப்புக் காவல் வேலை. தோப்புக்கும் வீட்டுக்கும் ஒரு மைல். ஆறு மாதமாக வலது கையில் மதமதப்பு. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. கட்டை கை நழுவி இரண்டு தடவை வரப்பில் விழுந்து விட்டார்.

"காலுதான் போச்சு, போகட்டும். கையும் போச்சுன்னா தோப்பைப் பாக்க எப்படிப் போவேன்?" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு வைத்திய சாஸ்திரத்தில் பதில் இருக்கிறது. அதைத் தெரிந்து கொள்ள நாம் பெரிய டாக்டராக இருக்க வேண்டியதில்லை. நம் கக்கத்தையே ஒரு நிமிஷம் கவனித்தால் போதும். தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் கக்கத்தின் குழிவில் அதிகச் சதைப்பற்றின் பாதுகாப்பு இல்லாமல் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றுக்கு ரேடியல் நரம்பு என்று பெயர். மணிக்கட்டையும் விரல்களையும் மேலே நிமிர்த்துகிற வேலை அதனுடையது. கட்டையின் தலைமாடு கக்கத்தில் முட்டி, உடம்பின் பாரம் முழுவதும் அதன் மேல் தொங்கினால், நாளடைவில் அந்த நரம்பு நசுங்குகிறது. மணிக்கட்டு வாடிய தளிர் போலத் தொங்கிவிடுகிறது. நல்ல வேளையாக, அழுத்தத்தை நீக்கிவிட்டால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலு திரும்பிவிடும். நீக்காவிட்டால்தான் ஆபத்து.

வேடிக்கை என்னவென்றால், கக்கத்துக் கட்டை என்று பெயர் இருந்தாலும், அது கக்கத்தில் பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல! பாரம் தாங்க வேண்டியவை உள்ளங்கைகள். தலைமாடு விலாவோடு அணைந்து, கட்டை இப்படி அப்படி ஆடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். கக்கத்துக்கும் தலைமாட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரற்கடை வெற்றிடம் இருக்க வேண்டும். வலிக்கிறதே என்று அதில் துணியைச் சுற்றச் சுற்ற அந்த இடைவெளி குறைந்து கொண்டே போகிறது. மெத்தை வைத்து இதமாக நரம்பை நசுக்குவதாக முடிகிறது. நம் பெரியவர் செய்ததும் இதுதான்.

மனிதன் கோலை ஊன்றத் தொடங்கிய காலத்துக்குக் கணக்கில்லை. கோபன்ஹேகன் நகரத்துக் காட்சிச் சாலை ஒன்றில் எகிப்து தேசத்துக் கற்பலகை ஒன்று இருக்கிறது. சூம்பிய காலுடன் ஒருவர் நீண்ட கோலை அணைத்துக் கொண்டு அதில் நிற்கிறார். மூவாயிரம் வருஷங்களுக்கும் முற்பட்டது அது. அவருக்கு வந்ததும் இளம்பிள்ளை வாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பலருடைய அபிப்பிராயம். அவ்வளவு புராதனமான சாதனம் அதற்குப் பிறகு அடைந்த மாறுதல்களோ மிகச் சொற்பம். எமில் ஷ்லிக் என்ற பிரெஞ்சுக்காரர் கக்கத்தை விட்டுவிட்டுக் கையைத் தாங்கும் கோலுக்குப் பேடண்ட் உரிமை கேட்டார். முன்னங்கையை ஒரு வளையம் தழுவிக் கொள்ள, பிடியை ஊன்றி நடக்கிற முழங்கைக் கோல் இன்று பல தேசங்களில் நிரந்தரமாகக் கோல் வேண்டியவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அதில் கக்கத்து நரம்புக்கு அபாயமில்லை. கதவைத் திறக்கப் பிடியை விட்டாலும் கோல் கையிலேயே தொங்கும். ஆனால் தோளிலும் கையிலும் நல்ல பலம் வேண்டும். எல்லாருக்கும் ஒரே கோல் என்று சொல்வதற்கில்லை.

பலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கோல்களையும் முன்னே ஊன்றி உடம்பை ஊஞ்சல் போல வீசிப் போடுகிறவர், அதே தூரத்தைச் சாதாரணமாக நடக்கிறவரைவிட ஏறக்குறைய இருமடங்கு சக்தியைச் செலவிடுகிறார். ஒரு மைல் தோப்புக்குப் போய் வருகிற பெரியவருக்கு அது நாலு மைல் நடைக்குச் சமானம். பாதி வழியில் களைத்துப் போய்க் கக்கத்தைக் கட்டையில் சாத்திச் சற்றே தொங்குவதில் ஆச்சரியம் என்ன?

இனிமேல் கட்டையின் கால்மாட்டுக்கு வருவோம். நம் பெரியவரின் கட்டைகளில் ரப்பர் புஷ் தேய்ந்து தேய்ந்து, ஒன்றில் மரமே வெளியே வந்திருந்தது. சிமெண்டுத் தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் அது சறுக்கும். வாய்க்கால் வரப்பிலோ கத்தியைப் போல் இறங்கும். பெரிய ஆஸ்பத்திரிகளின் வழவழப்பான தரையை எண்ணிச் செய்த கட்டை, பிளவக்கல் சேற்றையும் மலையடிவாரத்துக் கற்களையும் எண்ணிச் செய்ததல்ல. சேற்றுக்கு அகலமான பாதம் வேண்டும். கல்லுக்கிடையில் அகலப் பாதம் மாட்டிக் கொள்ளும். இரண்டுக்கும் ஏற்றபடி ஒன்றைச் செய்வதுதான் சாமர்த்தியம்.

தரையைப் பார்த்துச் சாதனம் செய்ய வேண்டும் என்ற இந்தப் பாடத்தை நம் தேசத்துக்குக் கற்றுக் கொடுத்தது ஜெய்ப்பூர். அங்கே டாக்டர் பி. கே. சேத்தி காலிழந்தவர்களுக்கு மேல்நாட்டு மாதிரிப் பொய்க்கால் பொருத்தி அனுப்புவார். கொஞ்ச நாளில் அவர்கள் அதை மூலையில் போட்டுவிட்டுப் பழைய கட்டையுடனேயே நடமாடுவார்கள். காரணம் எளியது. பூட்ஸ் மாட்டிய அந்தக் காலை வைத்துக் கொண்டு சம்மணமிட முடியாது, குந்த முடியாது, வயலில் இறங்க முடியாது. ராமசந்திர சர்மா என்ற கைவினைஞர் அதிகம் படித்தவரல்ல. ஆனால் கை தேர்ந்தவர். சைக்கிள் டயருக்கு ரப்பர் ஒட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை உதித்தது என்று சொல்வதுண்டு. 1968-ல் டாக்டரும் கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கிய ரப்பர்ப் பாதம், வெறுங்காலோடு சேற்றிலும் நடக்கும், மரமும் ஏறும். 1981-ல் சேத்திக்கு மக்ஸேஸே பரிசு கிடைத்தது. சர்மாவின் பெயரையும் நேயர்கள் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டுமென்பது நம் விருப்பம்.

கோலுக்கும் அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் முளைத்த ஃபிளெக்ஸ்மோட்டிவ் என்ற நிறுவனத்தார் 'ஃபிளெக்ஸ்மோ' என்று ஒரு கோல் செய்திருக்கிறார்கள். அதன் அடிப்பாகம் விறைத்து நிற்பதில்லை. ஊன்றும்போது வளைந்து கொடுத்து, மேடு பள்ளத்திலும் மணலிலும் தரையைப் பற்றிக் கொள்கிறது. கையை எடுத்தால் கீழே விழாமல் தானே நிற்கிறது. இந்தக் கடைசிக் குணத்தை இலேசாக எண்ணிவிட வேண்டாம். கீழே விழுந்த கோலை ஒற்றைக் காலில் நின்று குனிந்து எடுப்பது எவ்வளவு பெரிய சர்க்கஸ் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெகு தூரம் போவானேன்? இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. காயத்துக்குக் கட்டுகிற பாண்டேஜ் துணி அங்கே தறி தறியாக நெய்யப்பட்டுத் தேசமெங்கும் போகிறது. காயத்தைக் கட்டத் தெரிந்த சீமைக்குக் கோல் செய்யத் தெரியாமலா போய்விடும்? இராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால் தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி. அங்கேதான் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே உணர்விழந்த எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை செய்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் அதைத் தொடங்கினார். நடக்க இயலாத குழந்தைகளுக்குப் பள்ளியும் பயிற்சியும் உபகரணங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி அது வளர்ந்திருக்கிறது. இளம்பிள்ளை வாதமோ நம் நாட்டை விட்டுப் போய்விட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு அதன் காட்டு வைரஸால் இங்கே ஒருவரும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்குச் சான்றும் அளித்தது. ஆனால் அதற்கு முன் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே நடக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தும் சர்க்கரை வியாதியும் புதிதாகப் பலரைக் கோலிடம் அனுப்பிக் கொண்டிருக்கின்றன. ஆகையால் கோலை அளவு பார்க்கத் தெரிந்து கொள்வது எந்தக் குடும்பத்துக்கும் வீண் போகாது.

செருப்பணிந்து நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கோலின் நுனியைப் பாதத்துக்கு முன்னே அரை அடி தள்ளி, சற்றே பக்கவாட்டில் ஊன்றுங்கள். தலைமாட்டுக்கும் கக்கத்துக்கும் நடுவே உங்கள் மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அங்கே பிடி. பிடித்து ஊன்றும்போது முழங்கை சிறிது மடங்கியிருக்கட்டும். மெல்லிய குழாய்ப் பிடி உள்ளங்கையின் நடுவே குத்தும். உள்ளங்கை முழுவதும் படிகிற அகலப் பிடியே உத்தமம். துணி சுற்றுவதானால் பிடியில் சுற்றலாம். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் நோயுற்ற காலும் முதலில். ரப்பர் புஷ்ஷின் அடியில் வரி மறைந்துவிட்டால் அன்றே மாற்றிவிட வேண்டும். ஒரு ஜோடி ரப்பரின் விலையைப் பார்த்து யோசிக்கிறவர்கள், எலும்பு முறிவு வைத்தியத்தின் செலவையும் ஒரு தரம் விசாரிப்பது நலம்.

பிளவக்கலில் வாய்க்கால் கரையிலேயே பெரியவரை நிற்க வைத்து இந்த அளவைப் பார்த்தோம். மூன்று விரலாவது! ஒரு நகம்கூட நுழையவில்லை. கட்டையைத் திருப்பிப் பார்த்தால், உயரத்தைக் குறைக்க வரிசையாகத் துளைகள் இருந்தன. திருகாணி துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிக் கிடந்ததால், துளைகள் எதற்கென்று யாருக்கும் தோன்றவில்லை.

வத்திராயிருப்பில் ஒரு சைக்கிள் கடைக்கு அவரையும் அழைத்துக் கொண்டு போனோம். கடைக்காரத் தம்பி திருகாணியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கால் மணி நேரம் ஊற வைத்து, ஸ்பேனரால் மெல்ல அசைத்தான். கட்டை இரண்டு துளை இறங்கியது. பிடி ஒரு துளை ஏறியது. தலைமாட்டுத் துணிப் பந்தை அவிழ்த்து அதில் பாதியைப் பிடியில் சுற்றினோம். பழைய சைக்கிள் டயரிலிருந்து இரண்டு வட்டம் வெட்டிப் புது ரப்பர் புஷ்ஷின் அடியில் ஒட்டித் தரலாமா என்று தம்பி கேட்டான். ஜெய்ப்பூர்ச் சமாசாரத்தை அவன் கேட்டிருக்க நியாயமில்லை. ஒட்டினால் பிடுங்கிக் கொள்ளும், புஷ் மட்டும் போதும் என்று தடுத்துவிட்டோம். அது சரியான புத்திமதிதானா என்று இப்போதும் நமக்குச் சந்தேகம்.

கைக்கு ஆஸ்பத்திரியில் காட்டியே தீர வேண்டும் என்று சொல்லி, அவருடைய மகனிடமும் போனில் பேசினோம். பெரியவர் கடை வாசலில் நாலு எட்டு வைத்துப் பார்த்தார். "கக்கம் காலியா இருக்கிற மாதிரி இருக்கு, விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு" என்றார். மறுபடி நாலு எட்டு. பிறகு, காசு கொடுக்கப் போன நம் கையைக் கட்டையாலேயே தட்டிவிட்டு, மடியிலிருந்து தம் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.