நாடியும் ஒளியும்

நாடி பார்த்து நோயறிதல் நமக்குப் புதிதன்று. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கபம் என வகுத்தனர் நம் முன்னோர். இன்று விரல்நுனியைக் கவ்வும் சிறு கருவியொன்றும் அந் நாடியையே நாடுகிறது. குருதியில் பிராணவாயு எத்தனை வீதம் நிறைந்துள்ளது என்பதை அது நொடிப்பொழுதில் எண்ணாகக் காட்டுகிறது.

இதன் தத்துவத்தைக் கண்டவர் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி. இருதயம் இறைக்கும் குருதியின் அளவை ஒளிகொண்டு கணிக்க அவர் முயன்றபோது, நாடித்துடிப்பு குறுக்கிட்டுக் கணக்கைக் குழப்பியது. அத் தொல்லையை நீக்கப் புகுந்தவர், தொல்லைக்குள்ளேயே விடையைக் கண்டார். பிராணவாயு ஏறிய குருதியும் ஏறாத குருதியும் செவ்வொளியையும் கண்ணுக்குத் தோன்றாத அகச்சிவப்பொளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் நாடிக்குருதியின் நிலை விளங்கும். 1974இல் இதை அவர் வெளியிட்டார். கொள்ளைநோயால் இக்கருவி வீடுதோறும் புகுந்த 2020ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் கொழுந்து பறிக்கும் கைகளை எண்ணியே இதை எழுதுகிறேன். குளிரில் விறைத்த விரலில் குருதியோட்டம் குன்றும், கருவி தடுமாறும். கருநிறத் தோலில் அது உண்மையினும் உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வொன்றின்படி, மறைந்திருந்த பிராணவாயுக் குறைவை இக்கருவி காணத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே ஏறத்தாழ மும்மடங்காகும்.

இவற்றினும் பெரியது சோகை. நூறு பேர் பறிக்க வேண்டிய மலைக்கு ஐம்பது பேரே வந்தனர் என்று கொள்வோம். ஐம்பது கூடைகளும் நிறைந்துள்ளன. 'கூடை நிறைந்ததா?' என்று மட்டும் கேட்பவருக்கு, 'நிறைந்தது' என்பதே விடை. தொழிற்சாலைக்குச் சேரும் கொழுந்தோ பாதிதான். பிராணவாயுவைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறைந்த பெண்ணின் விரலிலும் கருவி தொண்ணூற்றெட்டு என்றே காட்டலாம். அவளோ ஏற்றத்தில் நாலடி வைக்குமுன் மூச்சிரைத்து நிற்பாள்.

கருவியை நான் பழிக்கவில்லை. எண் தாழ்ந்தால் காலந்தாழ்த்தாமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். எண் நன்றாயிருப்பினும், 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அவளை லயத்துக்குத் திருப்பியனுப்புமுன், மூச்சை எண்ணுங்கள், இமையைத் தாழ்த்தி அதன் வெளிறலைப் பாருங்கள், ஈமோகுளோபினைச் சோதியுங்கள். விரலைக் கருவி பார்க்கட்டும்; அவளை நாம் பார்ப்போம்.