ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்த ஊர்: கோவை நமக்குச் சொல்லும் கணக்கு



நம் மளிகைக் கடைகளில் மாதம் தவறாமல் நகரும் சரக்கு எது என்று கேட்டால், இட்லி அரிசியும் உளுந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வியாபாரம் படுத்துக் கிடக்கும் ஆடி மாதத்திலும் இந்த இரண்டு மூட்டைகளும் காலியாகும். இதற்குப் பெருங்காரணமான பொருளை நாம் விற்பதில்லை. பாத்திரக் கடைக்காரரும் மின்சாதனக் கடைக்காரரும் விற்கிறார்கள். அதுதான் கிரைண்டர். அது பிறந்த கதையை வணிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு சாதனம் ஒரு ஊரின் தொழிலையே எப்படி நிமிர்த்துகிறது, அதில் கடைக்காரன் பங்கு என்ன என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் கிடையாது.

சீமையில் நடந்தது

முதலில் ஒரு வெளிநாட்டுச் செய்தி. இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் என்பவர் பை இல்லாமல் தூசியை உறிஞ்சும் வாக்குவம் கிளீனரைக் கண்டுபிடித்தார். அதற்காக அவர் செய்து பார்த்த மாதிரிகள் 5,127. பெரிய கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. தூசிப் பை விற்பதே அவர்களுக்கு நல்ல வருமானமாக இருந்தது. கடைசியில் 1993-ல் தம் சொந்தப் பெயரிலேயே இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து பெரும் வெற்றி கண்டார். தேய்ந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் பொறியியல் தொழிலுக்கு உயிர் கொடுத்தவர் என்று அந்நாட்டார் அவரைக் கொண்டாடினார்கள். 2017-ல் இளைஞர்கள் வேலை செய்து சம்பளம் வாங்கிக்கொண்டே பொறியியல் படிக்க ஒரு கல்வி நிலையமும் தொடங்கினார்.

ஆனால் 2002-ல் அந்த இயந்திரத்தின் உற்பத்தி மலேசியாவுக்குப் போய்விட்டது. இங்கிலாந்தில் செலவு கூடியதும், உதிரி பாகம் செய்து தருவோர் ஆசியாவில் இருந்ததும் காரணம் என்றார்கள். 2019-ல் தலைமை அலுவலகம் சிங்கப்பூருக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. மூளை அங்கே இருந்தது. ஆனால் பட்டறை இடம் பெயர்ந்தது. கண்டுபிடிப்பாளர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது, அவரைச் சுற்றி வார்ப்படக்காரரும் கடைசல்காரரும் இருந்தால்தான் தொழில் ஊரில் தங்கும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

கோவையின் ஜி.டி. நாயுடு

நம் பக்கத்தில் இதற்கு ஈடாகச் சொல்ல வேண்டியவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளிலேயே விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் சவாரி போகவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்தார். அதுதான் அவருக்குக் கல்லூரி. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

அவர் செய்தவற்றை அடுக்கினால் பக்கம் போதாது. மின்சார ரேசர், மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் எனப் பலவும் உண்டு. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952-ல் இரண்டு பேர் போகும் சிறிய காரை 2,000 ரூபாய்க்குச் செய்து காட்டினார். உற்பத்திக்கு அரசு அனுமதி கிடைக்கவில்லை.

இவற்றில் பல பொருட்கள் கடைக்கு வரவே இல்லை. அப்படியானால் அவரால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் 1937-ல் இருக்கிறது. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தால் பெயர் பெற்ற பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரை அந்த ஆண்டு அவர் வெளிக்கொணர்ந்தார். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியதால் கோவைக்கு மின்சாரம் வந்திருந்தது. மின்சாரமும் மோட்டாரும் கைகோர்த்ததும் பம்பு செட் தொழில் முளைத்தது. வார்ப்படம், கடைசல், காயில் சுற்றுதல் என்று ஒவ்வொரு வேலைக்கும் தெருவுக்குத் தெரு பட்டறை வந்தது.

ஆள் பழக்குவதிலும் நாயுடு அக்கறை காட்டினார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் வர முன்நின்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு அதுவே தொடக்கம். பொறியியல் படிக்க நான்கு ஆண்டு எதற்கு, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கட்சி. அதை அரசு ஒப்பவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரியில் காலமானார்.

சபாபதியின் கிரைண்டர்

இப்படிப் பட்டறைகள் நிறைந்த ஊரில்தான் 1955-ல் பி. சபாபதி என்பவர் வெட் கிரைண்டரைச் செய்தார். வேலை சுலபமாகத் தோன்றும். கையால் ஆட்டும்போது உரல் நிற்கும், குழவி சுற்றும். இவர் அதை மாற்றி, உரலைச் சுற்ற வைத்துக் குழவியை நிறுத்தினார். மோட்டார் கோவையில் இருந்தது. பெல்ட்டும் புல்லியும் பட்டறையில் கிடைத்தன. கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வந்தது. வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியது அதிகமில்லை. டைசன் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். மாவாட்டும் கல்லும் மோட்டாரும் உள்ளூரிலேயே கிடைக்கும்போது உற்பத்தி எங்கே போகும்?

முதலில் ஓட்டல்களுக்கும் கூலிக்கு அரைக்கும் கடைகளுக்கும் போன கிரைண்டர், பிறகு மாவைச் சாய்த்து எடுக்கும் டில்டிங் மாடலாக வந்தது. அப்புறம் சமையல் மேடையில் வைக்கும் டேபிள் டாப் வந்து வீடு வீடாகப் புகுந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நெய்வேலியின் பங்கு

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓட மின்சாரம் வேண்டுமல்லவா? 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-ல் சோவியத் உதவியுடன் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது. படிப்படியாக 600 மெகாவாட்டான அந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. பைக்காரா கோவையின் பட்டறைகளை ஓட்டியது என்றால், தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்குப் போன மின்சாரத்தில் நெய்வேலியின் வியர்வையும் கலந்திருக்கிறது.

நான் வியாபாரத்துக்கு வந்த 1980 வாக்கில், டவுன்ஷிப் வட்டங்களில் பல வீடுகளில் ஊறவைத்த அரிசியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கூலிக்கு அரைக்கப் போவார்கள். வாரம் ஒரு நாள்தான் இட்லி. முதல் ஷிப்டுக்குப் போகிற வீட்டில் விடியற்காலையில் யார் ஆட்டுக்கல்லில் உட்காருவது? வீட்டுக்குக் கிரைண்டர் வந்த பிறகு, வாரம் அரைக் கிலோ உளுந்து வாங்கிய குடும்பம் ஒரு கிலோ வாங்கியது. விருத்தாசலம் கமிட்டியில் உளுந்து எடுக்கப் போகும்போது நான் போடும் கணக்கும் அதற்கேற்ப மாறியது. சபாபதி செய்த பெட்டி நம் கல்லாவில் காசாக விழுந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது

மிக்ஸி இருக்கும்போது கிரைண்டர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி வெட்டும். அந்த வேகத்தில் மாவு சூடாகும். கல் மெதுவாகச் சுற்றி நசுக்கும். மாவு அவ்வளவு சூடாகாது. உளுந்தில் உள்ள வழவழப்பு, காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு பொங்கும். அதனால்தான் கிரைண்டரில் ஆட்டிய உளுந்து மாவு கூடுதலாகக் காணும், இட்லியும் பூப்போல வரும். பழைய உளுந்து இப்படிப் பொங்காது. “மாவு காணவில்லை” என்று வாடிக்கையாளர் குறை சொன்னால், கிரைண்டரைப் பழிக்குமுன் நம் மூட்டை எந்த வருடத்து அறுவடை என்று பார்ப்பது நல்லது.

வரி என்னும் பாரம்

அதிக வரியைக் கண்டித்து 1950-களில் தாம் செய்த பொருட்களையே பொது இடத்தில் போட்டு உடைத்தவர் ஜி.டி. நாயுடு. அந்த ஆதங்கம் இன்றும் தீரவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கிரைண்டருக்கு 28 சதவீதம் போட்டார்கள். அந்த ஆண்டே 12 ஆகக் குறைத்தார்கள். 2019-ல் 5 ஆக்கினார்கள். காய்ந்த புளிக்கு வரி நீங்கியதும் அதே கூட்டத்தில்தான் என்பது மளிகைக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2022 ஜூலை 18 முதல் மறுபடி 18 ஆக்கினார்கள். ஐந்து ஆண்டு சொச்சத்தில் நான்கு விதம். பெரிய கம்பெனி இதைத் தாங்கிக்கொள்ளும். பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர் எந்த விலையைச் சொல்லி ஆர்டர் பிடிப்பார்?

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கோவைப் பட்டறைகளுக்கு வேலை குவிந்தது. ஏழை வீட்டிலும் கிரைண்டர் ஓடியது. அதே சமயம், கடையில் கிரைண்டர் அடுக்கி வைத்திருந்த அன்பர்கள் சரக்கு தேங்கியதாகச் சொன்னார்கள். நம் மளிகைக்கு அது லாபம், அவர்களுக்கு அது நஷ்டம். வியாபாரத்தில் ஒரே காற்று ஒருவர் தூற்றலுக்கு உதவும், இன்னொருவர் கூரையைப் பிரிக்கும்.

நம் கையில் உள்ளது

கண்டுபிடிப்பாளரை உருவாக்குவது நம்மால் ஆகாது. சிறு உற்பத்தியாளரை வாழ வைப்பது ஆகும். மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

ஒன்று, பணத்தைக் காலத்தில் கொடுப்பது. மசாலாப் பொடி, அப்பளம், ஊதுவத்தி என்று குறு, சிறு உற்பத்தியாளர்களிடம் நாம் கடனுக்குச் சரக்கு எடுக்கிறோம். அவர்கள் பதிவு பெற்றவர்களாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகம் போனால் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) பிரிவைச் சேர்த்தது. அதன்படி, கெடு தாண்டி அடுத்த நிதியாண்டுக்குப் பாக்கியை இழுத்தால், அந்தத் தொகையைக் கொள்முதல் ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். எனவே இதில் தர்மமும் இருக்கிறது, நம் வரிக் கணக்கும் இருக்கிறது. மார்ச் மாதத்துக்கு முன் பாக்கிப் பட்டியலைத் தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டு, குறையைத் திருப்பிச் சொல்வது. சாய்க்கும் கிரைண்டரும் மேடைக் கிரைண்டரும் வந்தது, கனமாக இருக்கிறது, கழுவ முடியவில்லை என்ற புலம்பல் செய்தவர் காதுக்குப் போனதால்தான் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் முதலில் புலம்புவது கடைக்காரரிடம். அதை நாம் முழுங்கிவிட்டால் சரக்கு திருந்தாது.

மூன்று, பாக்கெட் மாவைக் கண்டு பயப்படாமல் இருப்பது. இன்று பலர் வீட்டில் ஆட்டுவதை விட்டுவிட்டு மாவு வாங்குகிறார்கள். அரிசி, உளுந்து விற்பனை அந்த அளவு குறையத்தான் செய்யும். ஆனால் மாவு விற்பவருக்கும் அரிசியும் உளுந்தும் வேண்டும். நம் பகுதியில் பெண்கள் பலர் பெரிய கிரைண்டர் போட்டு மாவு விற்கிறார்கள். அவர்களுக்குத் தரமான இட்லி அரிசியும் புது உளுந்தும் மொத்த விலையில், ஒரே தரத்தில், மாதம் முழுவதும் கொடுக்க முடிந்தால் இழந்த வியாபாரம் வேறு வாசல் வழியாக வந்து சேரும். அவர்கள் மாவை நம் கடையிலேயே வைத்து விற்கவும் செய்யலாம்.

கோவை வளர்ந்தது நாயுடு ஒருவரால் மட்டும் அன்று. மோட்டார் செய்தவர், கல் கொத்தியவர், காயில் சுற்றியவர், தவணையில் விற்றவர், பழுது பார்த்தவர் எல்லோருமாகச் சேர்ந்து வளர்த்தார்கள். அந்த வரிசையில் கடைக்காரனுக்கும் ஓர் இடம் உண்டு. அதை நாம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.