கயிற்றை இழுத்தால் மேலே வரவேண்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு நேரத்தில் லேப்டாப் பேட்டரியும் தீர்ந்துகொண்டே வந்தால், உள்ளே பாதி அடித்த ஷிப்பிங் பில் என்ன ஆகும்?

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளித்தல் நடந்தது. குளியாள் கல்லின் கனத்தில் கடலடிப் பாருக்கு இறங்கி, சிப்பிகளை அள்ளி, மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். தோணியில் இருப்பவர் தூக்கிவிடுவார். கணினியிலும் இப்படியொரு கயிறு உண்டு. ஆனால் சுண்டுவது மேலே இருப்பவர். ஷட்டவுன் கொடுத்ததும் விண்டோஸ் ஒவ்வொரு செயலிக்கும், “மூடப்போகிறேன், சரியா?” என்று செய்தி அனுப்புகிறது. நல்ல செயலி வேலையைச் சேமித்துவிட்டு வெளியேறும். சேமிக்காத கோப்பு இருந்தால், “சேவ் செய்யவா?” என்று நம்மைக் கேட்கும். சுமார் 5 நொடியில் பதில் வராவிட்டால், தடுத்து நிற்கும் செயலிகளின் பட்டியலைத் திரையில் காட்டிவிட்டு விண்டோஸ் காத்திருக்கும். எதிரே ஆள் இருந்தால் சரி. ஆள் இல்லாவிட்டால்?

அதற்குத்தான் ரெஜிஸ்ட்ரியில் ‘ஆட்டோஎண்ட்டாஸ்க்ஸ்’ என்றொரு மதிப்பு. அதை 1 ஆக்கினால் விண்டோஸ் யாரையும் கேட்காது. அடம்பிடிக்கும் செயலியைக் கொன்றுவிடும். இணையத்தில் இதை வேகம் கூட்டும் உத்தியாகச் சொல்லித் தருகிறார்கள். வேகம் கூடும்தான், சேமிக்காததும் கூடவே போகும்!

லினக்ஸ் இதைப் பச்சையாகவே பிரித்து வைத்திருக்கிறது. 15-ஆம் எண் சிக்னல் ஒரு வேண்டுகோள். செயலி அதைக் கேட்டு மூட்டைகட்டலாம். 9-ஆம் எண்ணுக்கு மறுபேச்சே கிடையாது. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, அவற்றை நிறுத்தும்போது இரண்டுக்கும் நடுவே வழக்கமாகத் தரும் அவகாசம் 90 நொடி.

யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்தால், கரண்ட் போனபின் ஷட்டவுனை ‘ஏபிசியுபிஎஸ்டி’ போன்ற இலவச மென்பொருள் தானாகத் தொடங்கி வைக்கும். சார்ஜ் 5 சதவீதத்துக்கோ, மிச்ச நேரம் 3 நிமிடத்துக்கோ இறங்கினால் ஷட்டவுன் என்பது அதன் இயல்பு அமைப்பு. இரவில் ஆளில்லாமல் ஓடும் அலுவலகச் சர்வருக்கு இது அவசியம்.

லேப்டாப்பில் எதையும் மூடவே வேண்டாம் என்பேன். ஹைபர்நேட் போதும்: நினைவகத்தில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும்; பாதி அடித்த பில்லும் பத்திரம். பவர் ஆப்ஷன்ஸில் ‘கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்’ ஹைபர்நேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி பழசென்றால், ‘கிரிட்டிக்கல் பேட்டரி லெவல்’ அளவை 10 சதவீதத்துக்கு ஏற்றி வையுங்கள்.