கோடு இறங்கியது எதனால்?

1995ஆம் ஆண்டில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. 1950இல் அது 7ஐக்கூடத் தொடவில்லை. வரைபடத்தில் உச்சத்துக்குப் போன அந்தக் கோடு, அடுத்த பத்தாண்டுக்குள் பாதியாக இறங்கியது.

அந்தப் பத்தாண்டில் போர் முடியவில்லை. குடியும் வேலையின்மையும் ஒழிந்துவிடவில்லை. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகைகூடக் குறையவில்லை. வந்தவர்களில் பிழைத்து வீடு திரும்பியவர்கள்தான் கூடினார்கள். 1984 முதல் கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டு வந்ததே அதற்கு முதன்மைக் காரணம். 1995, 1998, பிறகு 2008 முதல் 2011 வரை என்று தடைகள் தொடர்ந்தன. 2015 வரை இவற்றால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

பூச்சி மருந்தைப் பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவு: பலன் இல்லை. நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிய மருந்தைப் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் எங்கே ஒளித்து வைப்பது? கடையிலேயே இல்லாமற் செய்த சட்டம்தான் உயிரைக் காத்தது.

மலையகத்துக்கென்று தனிக்கோடு வரைவதில் நிதானம் வேண்டும். வீதம் கணக்கிடச் சனத்தொகை தெரிய வேண்டும். தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் போய்விட்டார்கள். 1981க்குப் பின் அடுத்த சனத்தொகைக் கணக்கெடுப்பு 2001இல்தான் நடந்தது. உச்ச ஆண்டான 1995 இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. அன்று தோட்டங்களில் எத்தனை பேர் என்பதே மதிப்பீடுதான். ஒரு பொலிஸ் பிரிவில் ஆறு மரணம் ஒன்பதானால் "50 சதவீத உயர்வு" என்று தலைப்பிடலாம். ஆனால் அவ்வளவு சிறிய எண் அடுத்த வருடமே ஐந்தாகலாம்.

எனக்கு அதிகம் வலிப்பது தற்கொலை பற்றிய நம் பத்திரிகைச் செய்திகள். தோட்டத்தின் பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை பேர், எதைக் குடித்தார், கடைசியில் "குடும்பத் தகராறே காரணம்". காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் அது யார் வீடென்று தெரிந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஒற்றைக் காரணத்தை எழுதிவிட்டால் கடன், அடி, குடி, நோய் எதையும் யாரும் தேட மாட்டார்கள்.

வியன்னாவில் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதை 1987இல் பத்திரிகைகள் நிறுத்தின. அவ்வாண்டின் பிற்பாதியிலேயே அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நம் ஆசிரியபீடங்களும் வழிமுறையையும் விலாசத்தையும் வெட்டிவிட்டு, இரவு பகலாக இயங்கும் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ ஒவ்வொரு செய்தியின் கீழும் போட இன்றே முடிவெடுக்கலாம்.