மழையை அளப்பவர்

நாளை மழை பெய்யுமென்று வானிலை இலாகா அறிவித்து, மறுநாள் வெயில் காய்ந்துவிட்டால், அவ்விலாகாவைப் பரிகசிப்பது நம்மவரில் பலருக்கு ஒரு பொழுதுபோக்காயிருக்கிறது. பரிகசிக்குமுன் நேயர்கள் ஒன்றை யோசிக்கவேண்டுமென்பது நம் விண்ணப்பம். மழையையும் வெப்பத்தையும் சரியாக அளந்தாலன்றி எந்த சாஸ்திரியும் வருவதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அளப்பதற்கோ பிசகாத கருவி வேண்டும்.

1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் பாழாக்கிற்று. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. இவ்விபத்துக்களின் பயனாக 1875-ல் இந்திய வானிலை இலாகா தோன்றிற்று. ஆயினும் எழுபதாண்டுகள் கடந்த பின்னும், மழைமானி, உஷ்ணமானி முதலிய எளிய கருவிகள்கூடப் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தே கப்பலேறி வந்தன. நம் தலைக்கு மேலுள்ள வானத்தை அளப்பதற்கும் அந்நியருடைய பட்டறையை எதிர்பார்த்திருந்தோம்.

இந்நிலையை மாற்றியவர்களில் தலையாயவர் அன்னா மணி அம்மையார். பீருமேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, ஸர் சி. வி. ராமனிடம் வைரங்களை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டமில்லையென்ற காரணத்தால் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் மறுத்தது. அவர் அதனால் தளரவில்லை. 1945-ல் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-ல் திரும்பிப் புனாவில் வானிலை இலாகாவில் அமர்ந்தார். சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவை இந்நாட்டிலேயே தயாராக வழிசெய்தார். 1957-58-ல் நடந்த சர்வதேச பூபௌதிக ஆண்டையொட்டி, சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல பாகங்களில் நிறுவினார். 2001-ல் அவர் காலமானார்.

இது வெறும் கைத்தொழில் விஷயமன்று. பூமியின் உஷ்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஒரு டிகிரி செண்டிகிரேடுக்குச் சற்று அதிகமாக ஏறியிருக்கிறது. ஓர் உஷ்ணமானி அரை டிகிரி பிசகினால், அந்த மாறுதலில் ஏறக்குறையப் பாதி அப்பிசகிலேயே மறைந்துபோகும். மேலும், சென்ற ஆண்டின் மழையை இன்று எவரும் போய் அளந்துவர முடியாது. அன்று குறிக்கத் தவறியது என்றைக்கும் தவறியதே.

ஆகவே மழைமானியைத் தினந்தோறும் தவறாமல் பார்த்துக் குறிப்பவரின் பணி அற்பமானதென்று யாரும் எண்ணலாகாது. அவருக்கு நல்ல கருவியும் போதிய ஊதியமும் அளிப்பது சர்க்காரின் கடமை. அதை விடாது வற்புறுத்துவது நம் கடமை. இதற்குச் செலவிடும் பணத்தை மிச்சம்பிடிக்க நினைப்பவர், பின்னால் புயலுக்கும் பஞ்சத்திற்கும் பன்மடங்கு கொடுக்கவேண்டி வரும்.